ஆறு மாசப் பட்டியல்

— இன்னும் ஏன் ஏத்தலை, நாடீன்? நான் கையெழுத்து போட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு.

— ஏத்த மாட்டேன், ஜட்ஜ்.

— என்ன... இன்னொரு தடவை சொல்லு?

— ஜெயில்ல இருக்கிற ப்ரூயிட்டோட மனுவைத் தள்ளுபடி பண்ற உத்தரவுதானே? அதை நான் கம்ப்யூட்டர்ல ஏத்த மாட்டேன். பத்தொன்பது வருஷமா உங்க கோர்ட்டுல குமாஸ்தா. நீட்டினதையெல்லாம் ஏத்தியிருக்கேன். இதை மாட்டேன்.

— இன்னிக்கு மார்ச் முப்பத்தொண்ணு. அஞ்சு மணிக்குள்ள முடிக்கலைன்னா, ஆறு மாசத்துக்கு மேல மனுவைக் கிடப்புல போட்டவங்க பட்டியல்ல என் பேர் வரும். ஊரே பார்க்கும். ஃபெடரல் ஜட்ஜா இருபத்திரண்டு வருஷம்... ஒரு தடவை வந்திருக்கா?

— வரலை. எப்படி வரலைன்னு உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

— குத்திக் காட்டுறியா?

— ரெண்டு வருஷம் முன்னாடி மார்ச்சுல, ஓரத்துல இடம் விடாம எழுதியிருக்கான்னு திருப்பி அனுப்பினோம். போன மார்ச்சுல, நாலு பக்கம் அதிகம்னு. இப்போ?

— படிவம் தப்பு.

— ஜெயில்ல அந்தப் படிவத்தைத்தானே கொடுக்கிறாங்க...

— சரியானதுல மறுபடி போடட்டும். யார் வேண்டாம்னா?

— போடுவான். புது மனு, புதுக் கணக்கு. அடுத்த மார்ச் வரைக்கும் நமக்கு நிம்மதி. அவனுக்கு?

— நானூறு வழக்கு என் தலையில, நாடீன். பக்கத்துல ரெண்டு ஜட்ஜ் நாற்காலி மூணு வருஷமா காலி. ஆள் போட வாஷிங்டன்ல ஒருத்தனுக்கும் துப்பில்லை, பட்டியல் மட்டும் கேட்பாங்க. போய் அவங்களைத் திட்டு.

— திட்டுறேன். ஆனா ப்ரூயிட்டுக்குத் தண்டனை கொடுத்தது அவங்க இல்லையே. நீங்க.

— சட்டம் கொடுத்தது.

— பழைய திருட்டு வழக்கு ஒண்ணைச் சேர்த்துப் பதினாலு வருஷத்தை இருபத்தஞ்சா ஆக்கினீங்க. அதைச் சேர்த்திருக்கக் கூடாதுன்னுதான் கையால எழுதி எழுதி அனுப்புறான். பதினாலு முடிஞ்சே ரெண்டரை வருஷம் ஆச்சு.

— அவன் சொன்னா ஆச்சா? நீ என்ன வக்கீலா?

— இல்லை. ஃபோன் எடுக்கிறவ... அடுத்த வாரம் உங்களை வரைஞ்ச படத்தைக் கோர்ட்டுக் கூடத்துல மாட்டப் போறாங்க. அதுக்குள்ள பேர் கெடக் கூடாது, அப்படித்தானே?

— நாக்கை அடக்கிப் பேசு.

— ஆயுசுக்கும் வேலை. அந்த நாற்காலியில இருந்து உங்களை யாரும் அசைக்க முடியாது. அப்புறம் என்ன பயம் உங்களுக்கு?

— உன்னை அசைக்கலாம். ஞாபகம் இருக்கட்டும்.

— இருக்கு. அவன் பொண்ணு மாசா மாசம் விச்சிட்டாவுல இருந்து கூப்பிடுவா. "ஜட்ஜ் படிச்சிட்டிருக்கார்மா"ன்னு சொல்வேன். ரெண்டரை வருஷமா பொய்.

— கோர்ட்டு பேரைச் சொல்லிப் பொய்யா?

— இன்னிக்குக் காலையிலயும் கூப்பிட்டா. வெட்கமா போச்சு. உண்மையைச் சொல்லிட்டேன். அவர் அதைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலைம்மான்னு.

— யாரைக் கேட்டுச் சொன்னே? யாரைக் கேட்டு...

— ஏன், இல்லைங்கிறீங்களா? ஒரு பக்கமாவது புரட்டினீங்களா?

— முதல்ல கதவைச் சாத்து.

— சொல்லுங்க ஜட்ஜ்.

— முதல் மனு வந்த அன்னிக்கே படிச்சுட்டேன், நாடீன். முழுசா. அவன் சொல்றது சரி. அதை என் கையால எழுதத்தான் மனசு வரலை.