மீனுக்கு மட்டும் வெளிச்சம்

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் சட்டைப் பையில் டெஸ்டர் செருகிய ஒருவர் மடியில் எல்.ஈ.டி. லைட் ரோலோடு உட்கார்ந்திருந்தார்.

“நேத்து மீனுங்கதான் சாமியை நல்லாப் பாத்துச்சு” என்றார் பக்கத்திலிருந்தவரிடம்.

“என்னங்க சொல்றீங்க?”

“எங்க ஊர் குளத்துல தெப்பம். சின்னப் படகுதான். வலது பக்கம்தான் விசேஷம், அங்க மட்டும் லைட்டு ஒட்டுனா போதும்னாரு கமிட்டித் தலைவரு. சாமி வலமாத்தானே சுத்தும்? அப்ப வலது பக்கம் நடுக்குளத்தைப் பாத்துத்தானே இருக்கும்? தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன், கேக்கல. கரையில நின்ன ஜனத்துக்கு மொத்தமும் இருட்டு.”

“இன்னிக்கும் தெப்பம் உண்டுல்ல? மாத்தி ஒட்டிடலாமே.”

“அதைத்தான் காலையில சொன்னேன். லைட்டு அப்படியே இருக்கட்டும், படகை இடமா சுத்துங்கன்றாரு.”

“ஐயய்யோ. சாமியையா?”

“ஆமாங்க. ஊரு உலகமே வந்து மலையை வலமா சுத்துது. இவரு சொன்னது தப்புன்னு ஆயிடக் கூடாதாம், அதுக்கு சாமி இடமா சுத்தணுமாம்.” ரோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இறங்குனதும் இடது பக்கம் ஒட்டப் போறேன். முடிஞ்சா அவரே தண்ணியில இறங்கி வந்து கழட்டட்டும்.”