குட்டு மேடத்தின் அங்கத வகுப்பு

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் முதல்வர் ஐயா அவர்களே, மறைந்த பேராசிரியர் அம்மையாரின் கணவரே, மகளே, ஆங்கிலத் துறை நண்பர்களே, இடமில்லாமல் படியிலும் சன்னலோரத்திலும் நிற்கும் மாணவச் செல்வங்களே!

இந்த அரங்கில் எத்தனையோ கூட்டங்களில் அம்மையாரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் யாராவது நீட்டி முழக்கினால் மெல்லிய குரலில் ஏதாவது சொல்லிவிடுவார். சிரிப்பை அடக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இன்று நீட்டி முழக்க நானே வந்து நிற்கிறேன். என் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

இடைக்கால ஆங்கிலக் கதைகளை இந்தக் கல்லூரியில் அவர்தான் நடத்தினார். பிள்ளைகள் வைத்த பெயர் ‘குட்டு மேடம்’. யார் தலையிலாவது குட்டினாரா? இல்லை! அந்தக் கதைகளில் வருகிற போலித் துறவிகள், லஞ்சம் வாங்கும் நீதிபதிகள், பேராசைக்கார வணிகர்கள், எல்லோருடைய குட்டையும் வகுப்பில் உடைப்பார். அதனால் அந்தப் பெயர்.

“ராஜாவையும் மடத்தையும் கிண்டல் பண்ணினா தலை போயிடும்ல மேடம்? எப்படித் தைரியமா எழுதினாங்க?” என்று ஒரு மாணவன் கேட்டான்.

“அவங்க எங்கப்பா சொன்னாங்க? கதையை ஒரு குடிகாரன் வாயில போட்டுட்டு, ‘ஐயோ, நான் சொல்லலைங்க, அவன்தான் உளறினான்’னு கையைக் கழுவிட்டாங்க” என்றார். வகுப்பே அதிர்ந்தது.

சிரிப்பு மட்டும்தானா அங்கதம்? அதைச் சொல்லத்தான் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்கிறேன். முன்னாள் முதல்வர் ஐயாவின் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

அது கடும் கோடை. மின்சாரச் செலவைக் குறைக்க வேண்டுமென்று வகுப்பறைகளில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி உத்தரவு. முதல்வர் அறையில் மட்டும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து அம்மையார், இடைக்காலப் பாணியில் ஆளுக்கொரு அங்கதக் கதை எழுதச் சொல்லியிருந்தார். ஒரு மாணவி எழுதினாள்: பனிக்காலத்தில் ஒரு மடம். ‘குளிர் ஆன்மாவுக்கு நல்லது’ என்று துறவிகளுக்கு உபதேசிக்கிறார் மடத்தலைவர். அவர் அறையில் மட்டும் கணப்பு எரிகிறது. அவர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார் என்றும் ஒரு வரி எழுதியிருந்தாள். ஐயாவுக்கும் அப்படித்தான் நடை.

அம்மையார் அந்த வரியை மட்டும் அடித்தார். மாணவி முகம் வாடிவிட்டது.

“ஏன் மேடம்? அதுக்குத்தான் எல்லாரும் ரொம்பச் சிரிப்பாங்க.”

“கணப்பு மூட்டினது அவர் முடிவு. காலு அவர் முடிவாம்மா? முன்னதைக் கேட்கலாம். பின்னதைத் தொட்டா நாமதான் சின்னவங்க ஆயிடுவோம்.”

திருத்திய கதையை யாரோ அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். எழுதியது யார், பெயரைச் சொல்லுங்கள், கல்லூரியை விட்டே அனுப்புகிறேன் என்று ஐயா கொதித்துவிட்டார். துறைத்தலைவர் என்ற முறையில் அம்மையாரை அழைத்தார். நானும் கூடப் போனேன்.

“எழுதச் சொன்னது நான். பேர் வேணும்னா என் பேரைப் போட்டுக்குங்க சார்.”

“இதுல வர்றது நான்தானே?”

“இந்த மாதிரிக் கதையில யாருக்கும் பேர் கிடையாது சார். யாருக்குக் கோபம் வருதோ, அவங்களே வந்து உள்ள உட்கார்ந்துக்குவாங்க.”

அடித்த அந்த வரியைப் பற்றிச் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம் அல்லவா? சொல்லவே இல்லை!

மாணவி தப்பினாள். மின்விசிறிகளும் சுழல ஆரம்பித்தன. ஆனால் அம்மையாரின் துறைத்தலைவர் பதவி பறிபோய் எனக்கு வந்தது. எப்படி அவர் முகத்தில் விழிப்பது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே வந்து கை குலுக்கினார். “நல்லதாப் போச்சு. இனிமே மீட்டிங்குக்கெல்லாம் நீங்க போங்க, கிளாஸுக்கு நான் போறேன்” என்றார்.

ஆண்டுகள் கழித்து அந்த மாணவி ஐயாவைத் தேடிப்போய், அம்மையார் அடித்துவிட்ட வரியைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அன்றே ஐயா அம்மையாரின் வீட்டுக்குப் போயிருக்கிறார். இதையெல்லாம் இன்று வாசலில் என்னிடம் ஐயாதான் சொன்னார். “மேடையில சொல்லுங்க சார். ஃபேனை நிறுத்தச் சொன்னது நான்தான். அந்தக் கதையில பொய் ஒண்ணும் இல்ல” என்றார். ஐயா, இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்!

அம்மையாரின் கணவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். “அவளைத் தெய்வமாக்கிடாதீங்க, அவளுக்கே சிரிப்பு வந்துடும்.” சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். விடைத்தாளைக் குறித்த நாளில் அவர் ஒரு தடவைகூடத் திருப்பித் தந்ததில்லை. சிரிக்கிறீர்களே, சிரியுங்கள்!

மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தின வகுப்பில், கிணற்றில் விழுந்த பேராசைக்கார வணிகனின் கதையை நடத்திக்கொண்டிருந்தாராம். மணியடித்ததும் அவனைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு, “நாளைக்குத் தூக்கலாம்” என்று சொல்லிப் போயிருக்கிறார். அவன் இன்னும் கிணற்றுக்குள்தான் இருக்கிறான்.

அவனைத் தூக்கும் வேலையை இந்த அவையின் முன் நான் ஏற்றுக்கொள்கிறேன். அங்கத வகுப்பு நிற்காது. திங்கட்கிழமை முதல் மணி, அதே அறை. பிள்ளைகளே, அவர் அளவுக்கு எனக்குக் கதை சொல்ல வராது. சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.