நூறு பொட்டலமும் ஒரு சிவப்பு அரளியும்

அவைக்கு அழகூட்டி அமர்ந்திருக்கும் தலைவர் செந்தில்நாதன் ஐயா அவர்களே! தேவராஜ மொஹல்லாவில் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரே இங்கே இறங்கிய தாய்மார்களே! விசிலடிப்பதற்கென்றே கடைசி வரிசையைப் பிடித்த மாணவக் கண்மணிகளே! வணக்கம்!

என்ன தம்பி, கன்னடத்தில் "ஜோராகி"யா? சத்தமாகச் சொல்ல வேண்டுமா? இதோ, ஜோராகவே சொல்கிறேன்: வணக்கம்!

நான் அனுப்ரியா, இயற்பியல் முதலாண்டு மாணவி. நிலவின் தென்துருவத்தருகே நம் கலம் கந்தகம் கண்டதைப் பேசவா? வேறொரு விண்மீனின் வட்டாரத்திலிருந்து வால்மீன் ஒன்று விருந்துக்கு வந்ததைப் பேசவா? பேசினால் விடிந்துவிடும்! ஆகவே ஒரே ஒரு கல்லைப் பற்றிப் பேசுகிறேன். என் படிப்பையே பறிக்கப் பார்த்த கல் அது!

2025 பிப்ரவரி. இரண்டாம் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. 2032 டிசம்பரில் ஒரு விண்கல் பூமியில் விழ நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார்கள். பிறகு இரண்டு என்றார்கள். பிறகு மூன்று! என் அம்மா ஜோதிமணி, அதோ முந்தானையில் முகத்தை மறைக்கிறாரே, அவரேதான், மூட்டை கட்டிவிட்டார்.

"ஏறிக்கிட்டே போகுது கண்ணு. நம்ம ஊருக்கே, கோபிநத்தம் போயிரலாம். எல்லாரும் ஒண்ணா இருக்கலாம். பரிச்சை என்னத்துக்கு?"

"இன்னும் ஏழு வருசம் இருக்குதும்மா!"

"ஏழு வருசந்தான இருக்குது! அம்மன்கிட்டப் பூக் கேட்டேன். செவப்பு வந்துருச்சு."

சிரிக்காதீர்கள்! சாமி முன்னால் இரண்டு பூப் பொட்டலம் வைத்து ஒன்றை எடுப்பார்கள்; வெள்ளைப் பூ வந்தால் நடத்து, சிவப்பு வந்தால் நிறுத்து. உங்கள் வீட்டில் கேட்டதே இல்லையா? அழுகை முட்டியது எனக்கு. ஆனாலும் அரளி வாங்கி வந்து நூறு பொட்டலம் கட்டினேன். ஒன்றில் மட்டும் சிவப்பு; அடையாளத்துக்கு அதன் மேல் சிவப்பு நூல்.

"நீ ரெண்டு பொட்டலம் வெச்சம்மா. விஞ்ஞானிங்க நூறு வெச்சிருக்காங்க. ஒவ்வொண்ணும் கல்லு போகக்கூடிய ஒரு வழி. செவப்புதான் நம்ம மேல விழற வழி. கல்லைப் பாக்கப் பாக்க, பொருந்தாத வழியை எடுத்துப் போடறாங்க."

வெள்ளையாக எடுத்துப் போட்டேன், முப்பதுதான் மிஞ்சும்வரை. அம்மா குனிந்து பார்த்தார்.

"அட! செவப்பு ஒண்ணேதான் இருக்குது. வெள்ளையில்ல கொறஞ்சிருக்குது! அதனாலயா மூணு ஆச்சு?"

"ஆமாம்மா! முப்பதுல ஒண்ணுன்னா நூத்துல மூணு மாதிரி!"

"அப்ப அந்தச் செவப்பும் போயிருமா?"

"தெரியாதும்மா. அதுக்குத்தான் இன்னும் பாத்துட்டே இருக்காங்க."

"செரி. அவங்க பாத்து முடிக்கிறவரைக்கும் நீ படி."

படித்தேன்! அந்த மாதம் முடிவதற்குள் அந்தச் சிவப்புப் பொட்டலமும் போயே போய்விட்டது! பூமிக்கு ஆபத்தில்லை என்றார்கள். தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினோம்!

மாணவ மணிகளே! பயந்தால் கண்ணை மூடுவதா? மூடாதீர்கள்! பாருங்கள்! மறுபடி பாருங்கள்! மதி மயங்கினாலும் மறுபடி பாருங்கள்! ஊரெல்லாம் ஓடச் சொன்னாலும், ஒரு நாள் பொறுத்து இன்னொரு முறை பாருங்கள்!

2032-இல் அந்தக் கல் நம்மைக் கடந்து போகும் நாளில், தொலைநோக்கியின் முன்னால் நான் இருப்பேன். அம்மா, நீ அன்றைக்கும் மூட்டை கட்டுவாயா?

என்ன சொல்கிறார்? கொஞ்சம் அமைதி, அமைதி!

"லீவு போட்டுட்டு நானும் வாரேன் கண்ணு! மொதல்ல எனக்குக் காட்டிட்டு அப்புறம் நீ பாரு!"

கேட்டீர்களா? அம்மா பார்த்த பிறகுதான் நான்! கைதட்டிய கைகளுக்கும் காத்திருந்த காதுகளுக்கும் நன்றி, வணக்கம்!