பெருக்கு கூனிமேடு

"பின்ன என்னக்கா, ஒரு மனுசி ஒரே வரிய எத்தன வாட்டிதான் அடிக்கிறது?" என்றாள் சூர்யகலா.

கண் முகாமில் கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. கண்ணில் மருந்து விட்டு, எதிர் பெஞ்சில் ராசம்மாளை உட்கார வைத்திருந்தார்கள். மரக்காணம் உப்பளத்திலிருந்து நேராக வந்தவள். அரை மணி நேரம் கண்ணைத் திறக்கக்கூடாது. எழுந்து போக முடியாத ஆள் கிடைத்தது சூர்யகலாவுக்குத் தோதாகப் போயிற்று.

"கறுப்பு ஸ்கிரீன்ல எழுத்தா அடிச்சிதான்க்கா நான் வேல பாப்பேன். ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரு, அதுக்குள்ள இன்னொண்ணு... வருசம், மாசம், ஊரு. உங்க கண்ணு போட்டோகிட்ட போறதுக்குள்ள வெரலு தேஞ்சிடும். சரின்னு நானே ஒரு ஃபங்ஷன், குறுக்கு வழி மாதிரி ஒரு கட்டள, எழுதினேன். 'போ கூனிமேடு'ன்னா நேரா கூனிமேட்டுல நிக்கும். ஈசிஆர் பஸ்ஸு கூட அப்பிடி நிக்காது! தலைய ஆட்டாதீங்க, மருந்து வழியுது.

"அதோட உட்டிருக்கலாம். டிஸ்க்கு ரொம்பிடிச்சின்னு எங்க முகாம் மேனேஜரு பக்தவச்சலம் சாரு ஒரே கத்தலு. 'பெருக்கு'ன்னு இன்னொண்ணு எழுதினேன். ஊரு பேரு சொன்னா அங்க போயி, இருக்கிறதெல்லாம் அழிச்சிடும். வேல முடிஞ்ச ஊருக்கு மட்டுந்தான்க்கா! வியாழக்கெழம 'பெருக்கு கூனிமேடு'ன்னேன். யாரோ அந்த ஃபோல்டரு பேர மாத்தி வச்சிருக்காங்க. சாராத்தான் இருக்கும். ஒரு வார்த்த சொல்ல வேணாமா? இது தேடிச்சி... ஊரக் காணோம். காணோம்னா சும்மா இருக்கணுமில்ல? நின்ன எடத்தையே பெருக்கிடிச்சி! நின்னது மரக்காணத்துல, உங்க ஊரு ஃபோல்டருல."

ராசம்மாளின் கை முந்தானையை இறுக்கிப் பிடித்தது.

"நாப்பத்தோரு பேரு போட்டோ போச்சி. உங்க வலது கண்ணுல ஒரு பொட்டு இருக்குது, பெரிய டாக்டரு பாக்கணும்னாங்களே... அதுவுந்தான். மெஷினு ரிப்பேருன்னு சொல்லி மறுபடி வரச் சொன்னாங்கல்ல? மெஷினு நல்லாத்தான் இருக்குது. ரிப்பேருன்னது நான். 'போவ முடியலன்னா நில்லு'ன்னு ஒரு வரி எழுதியிருக்கணும். எழுதல."

சூர்யகலா நாற்காலியை விட்டு எழுந்து பெஞ்சருகே வந்தாள்.

"பேர மாத்தினதும் சாரு இல்லக்கா. புதன்கெழம நான்தான் மாத்தினேன். மறந்துட்டேன்."

ராசம்மாள் கண்ணைத் திறந்தாள். கருமணி அகன்று, மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

"ஐயோ, தொறக்காதீங்க! எங்க போறீங்க? வாசலு அந்தப் பக்கம்க்கா..."

அவள் வாசலுக்குப் போகவில்லை. சுவரைத் தடவித் தடவி கம்ப்யூட்டர் மேசையருகே வந்தாள். சூர்யகலாவின் நாற்காலியைக் கையால் தேடிப் பிடித்து, அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். "எம் போட்டோ பத்திரமாவுற வரைக்கும் நீ இதத் தொட வேணாம்" என்றாள்.