அம்மாக்கள் குழுவில் எழுதியது யார்?

மிரான்: தாயுன் அப்பா, இதைக் கொஞ்சம் படிங்களேன். குன்சான் போலீஸ்லேர்ந்து வந்திருக்கு.

தோசிக்: நண்டு உரிச்சுட்டு இருக்கேன், கையெல்லாம் பிசுக்கு. நீயே படி.

மிரான்: ‘உங்கள் பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவை தொலைபேசி நிறுவனத்திடமிருந்து பெறப்பட்டன.’ என்னோட விவரமாம்!

தோசிக்: ...ஏமாத்து மெசேஜா இருக்கும். அழிச்சுடு.

மிரான்: ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கிட்டாங்களாம். இப்பதான் சொல்றாங்க.

தோசிக்: முன்னெல்லாம் அதுவும் கிடையாது. வாங்கினா ஆளுக்குச் சொல்லணும்னு கோர்ட்டு சொன்னப்புறம்தான்...

மிரான்: அடடே! ஏமாத்து மெசேஜுன்னீங்க?

தோசிக்: ரேடியோவுல கேட்டேன்மா. லாரி ஓட்டறவனுக்கு வேற என்ன துணை.

மிரான்: சரி, என் பேரு எதுக்கு? ஆளே இல்லாத ரோட்டுல கூட நான் சிவப்பு விளக்குக்கு நிக்கறவ.

தோசிக்: நெட்டுல ஏதாவது எழுதியிருப்பே...

மிரான்: அம்மாக்கள் குழுவுலதான் எழுதுவேன். தாயுனோட பழைய சைக்கிளை வித்தேன். பல் டாக்டர் தங்கமானவர்னு எழுதினேன். அவரா கேஸ் போடுவாரு?

தோசிக்: அது இல்ல.

மிரான்: எது இல்ல?

தோசிக்: ...இல்ல, அந்தக் குழுவுல யாரோ எழுதியிருந்தாங்களாமே. ஸ்கூல் சாப்பாட்டுக்குப் போற மீன் அடைப் பெட்டியில, பழைய தேதியைக் கிழிச்சுட்டுப் புதுத் தேதி ஒட்டறாங்கன்னு.

மிரான்: ம்ம். ரெண்டு பொம்பளைங்க முடி காயவைக்கிற மெஷினால சூடு காட்டி, சீட்டை அப்படியே உரிக்கிறாங்கன்னு. அது பொய்யா?

தோசிக்: பொய்யா? சத்தியமான நிஜம்!

மிரான்: நிஜம்னா என்ன பயம்?

தோசிக்: இந்த நாட்டுச் சட்டத்துல நிஜத்தைச் சொன்னாலும் கேஸுதான். அடுத்தவன் பேரு கெட்டுச்சுன்னா போதும். ஊர் நன்மைக்காகத்தான் சொன்னேன்னு நிரூபிச்சாத்தான் தப்பிக்கலாம்.

மிரான்: நானூறு பிள்ளைங்க வயிறு ஊர் நன்மை இல்லையா?

தோசிக்: அதை ஜட்ஜு சொல்லணும். ‘இவனுக்குக் கம்பெனி மேல வன்மம், அதான் எழுதினான்’னு அவங்க வக்கீல் அடிச்சுப் பேசுவாரு.

மிரான்: எழுதினானா?

தோசிக்: என்ன?

மிரான்: அம்மாக்கள் குழுவுல ‘எழுதினான்’ எப்படி வரும்? ஆம்பளைங்களைச் சேர்க்கவே மாட்டாங்களே. தாயுன் அப்பா...

தோசிக்: நீ குளிச்சுட்டு இருந்தே. ஃபோன் மேசை மேல இருந்துச்சு.

மிரான்: அட பாவி மனுஷா!

தோசிக்: அந்த மீன் அடைக் கம்பெனிக்கு ஐஸ் இறக்கப் போனப்ப என் கண்ணால பார்த்தேன், மிரான். பெட்டி மேல நம்ம பொண்ணு ஸ்கூல் பேரு. வேற எங்க எழுதறது? அம்மாக்கள்தானே படிக்கணும்!

மிரான்: என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

தோசிக்: சொன்னா விட்டிருப்பியா?

மிரான்: விட்டிருக்க மாட்டேன். முன்னாடி வேலை பார்த்த கப்பல் பட்டறை வாசல்ல அட்டையில எழுதிப் பிடிச்சு நின்னீங்களே, அதுலயும் நிஜத்தைத்தானே எழுதினீங்க?

தோசிக்: கூட வேலை செஞ்ச வியட்நாம்காரரை மேஸ்திரி கம்பியால அடிச்சான். அதுல ஒரு எழுத்து கூடப் பொய் இல்ல.

மிரான்: அதுக்கு என்ன கிடைச்சுது? ஆறு மாச ஜெயில். உள்ள போடாம தண்டனையை நிறுத்தி வச்சிருக்காங்க, அவ்வளவுதான். இப்ப இன்னொரு தண்டனை வந்தா அந்த ஆறு மாசமும் சேர்ந்துக்கும்.

தோசிக்: தெரியும். ராத்திரி தூக்கமே இல்ல. விஷயம் அமுங்கிப் போயிடும்னு நினைச்சேன்... இப்படி உன் பேருக்கு மெசேஜ் வரும்னு நினைக்கல.

மிரான்: மீன் அடை என்னாச்சுன்னு கேட்க மாட்டீங்களா? போன வாரத்துலேர்ந்து ஸ்கூல்ல போடறதில்ல. முட்டைதான்.

தோசிக்: நிஜமாவா?

மிரான்: தாயுன் முகத்தைச் சுளிக்கறா, முட்டையான்னு.

தோசிக்: அப்ப போதும். காலையில போய் நான்தான்னு சொல்லிடறேன். நீ எதுக்கு என் பழியைச் சுமக்கணும்?

மிரான்: எங்க போறீங்க? இந்த மெசேஜ் இன்னிக்கு வந்ததில்ல, வந்து பத்து நாளாச்சு. செவ்வாய்க்கிழமையே ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்துட்டேன். குழுவுல எழுதினதை அங்க காட்டினப்பதான் படிச்சேன், முதல் வரியிலயே உங்க பேச்சு காதுல விழுந்துச்சு. யார் எழுதினதுன்னு கேட்டாங்க. ‘மூணாங்கிளாஸ் பிள்ளையோட அம்மா நான், நான்தான் எழுதினேன்’னு சொல்லிக் கையெழுத்தும் போட்டுட்டேன்.