தறிப்பட்டறை வாசலுக்குப் போன பேராசிரியர்

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் ஐயா அவர்களே, முதல்வர் அவர்களே, உடன் பணியாற்றும் மருத்துவர்களே, மாணவச் செல்வங்களே, பள்ளிபாளையத்திலிருந்து ஷிப்டை விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். முன்வரிசையில் இடம் இருக்கிறது, முன்னால் வாருங்கள். அம்மையார் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

பேராசிரியர் மருத்துவர் ஜோதி அம்மையார் போன வாரம் மாரடைப்பில் நம்மை விட்டுப் போய்விட்டார். நம் பல் மருத்துவக் கல்லூரியின் சமூகப் பல் மருத்துவத் துறையில் இருந்தது நாங்கள் இருவர்தான். இப்போது சபரிநாதனாகிய நான் மட்டும் இருக்கிறேன். காலையில் அறைக்கதவைத் திறந்தால் பேச்சுக் கொடுக்க ஆளில்லை.

எப்பேர்ப்பட்ட ஆசிரியர் அவர்! வெண்ணந்தூரில் தமிழ்வழியில் படித்து வந்தவர். வாய்மொழித் தேர்வில் சௌந்தர்யா என்ற மாணவி ஆங்கிலம் வராமல் தலைகுனிந்து நின்றார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். அம்மையார் விடவில்லை. "தமிழ்ல சொல்லு சாமி. நம்மகிட்ட வாரவங்க தமிழ்லதான வலிக்குதும்பாங்க" என்றார். சௌந்தர்யா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இன்று அவர் அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர்.

இன்னொன்றை, பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ராமாயி அம்மாளின் சம்மதத்தோடு சொல்கிறேன். தறி ஓட்டுகிறவர்கள் கன்னத்தில் புகையிலை அடக்குவதைப் பார்த்தால், பட்டறை வாசலில் நம் துறை நடத்தும் பல் மருத்துவ முகாமில் நம் மாணவர்கள் திட்டுவார்கள். அதனால் கல்லூரி வேன் வந்ததுமே அந்தப் பெண்கள் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, பழக்கமே இல்லை என்பார்கள். நாங்களும் அப்படியே எழுதிக்கொண்டு வந்தோம்! அம்மையார் மட்டும் பட்டறைப் படியில் ராமாயி அம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. ராத்திரி ஷிப்டு எப்படிப் போனது, சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து அந்த அம்மாளே சொன்னார்: "பல்லு வலிக்குதுன்னு வச்சேனுங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தா அன்னிக்கிக் கூலி போயிருமுங்க. பொயலைய வச்சா மரத்துப் போயிருமுங்க, தறி ஓட்டலாமுங்க."

பல்வலியை அப்படியே விட்டுவிட்டுப் புகையிலையை விடு என்றால் யார் விடுவார்? அம்மையார் அன்றே, அங்கேயே பல்லைக் கவனித்தார். கன்னத்துக்குள் வெள்ளையாகப் படர்ந்திருந்ததையும் அப்போதுதான் கண்டார். புற்றாக மாறும் முன்பே வைத்தியம் நடந்தது. ராமாயி அம்மாள் இதோ நம்மோடு உட்கார்ந்திருக்கிறார்.

இத்தனை செய்தவரை நாம் எப்படி வைத்திருந்தோம்? முகாம் டாக்டர் என்று கேலி பேசினோம். சாப்பாட்டு நேரத்தில் அவரோடு உட்கார எத்தனை பேர் வந்தோம்? எனக்கு இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

தாளாளர் ஐயா, புதிய பேராசிரியர் வரும்வரை முகாமை நிறுத்திவைக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. மேடையில் வைத்துக் கேட்பதற்கு மன்னியுங்கள். நிறுத்தினால் இந்தத் தாய்மார்கள் மறுபடியும் வலிக்குப் புகையிலையைத்தான் வைப்பார்கள். வியாழக்கிழமை காலை ஷிப்டு மாறும்போது நான் பள்ளிபாளையத்தில் இருப்பேன். வேன் கொடுத்தால் வேனில், இல்லாவிட்டால் பஸ்ஸில். மாணவர்களே, மனமிருப்பவர்கள் வாருங்கள். யாரும் வராவிட்டாலும் போவேன்.

ஜோதி அம்மா, நான் வேலைக்குச் சேரும் முன்பு பல வருஷம் நீங்கள் தனியாகத்தான் முகாமுக்குப் போய்வந்தீர்கள். அது எப்படி இருந்தது என்று ஒருநாளும் நான் உங்களைக் கேட்டதில்லை.