பாய்லர் அறையில் காய்ந்த உடை

2019 பிப்ரவரி 7, வியாழக்கிழமை, மாலை 4.20. உறைந்த ஏரியின் பனிக்கட்டிக்கு அடியில் பதினோரு நிமிடம். இதை முதலில் சொல்லிவிட்டு வணங்குகிறேன்: தீயணைப்பு நிலையத் தலைவர் ஒல்கியெர்ட் அவர்களே, பாதிரியார் அவர்களே, ஏரிக்கரை மக்களே!

நம் முக்குளிப்புக் குழுவின் கேப்டன் செவெரின் கோல்டா வீரமரணம் அடைந்தார் என்று இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன் பேசிய மூவரும் சொன்னார்கள். வீரர்தான். ஆனால் எதனால் செத்தார்? முக்குளிப்பு உடையின் கழுத்து ரப்பர் கிழிந்து செத்தார்!

மேடையேறும் முன் தலைவர் என் தோளைப் பிடித்தார். "தம்பி, ரப்பர் கதையெல்லாம் இன்னைக்கு வேணாம்ப்பா." கேப்டனின் மனைவி ஹால்ஷ்கா அம்மாவிடம் கேட்டேன். "சொல்லு. உன்னை அத்தனை திட்டு திட்டினாரே, எதுக்குன்னு இவங்களுக்கும் தெரியட்டும்" என்றார்.

சொல்கிறேன். ஏரியிலிருந்து ஏறியதும் தண்ணீர் புகாத அந்த உடையை ஜிப்பைத் திறக்காமல் குழாய்த் தண்ணீரில் அலச வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெளிப்பக்கம் காய்ந்த பிறகு உள்பக்கத்தைத் திருப்ப வேண்டும். காற்று போதும், சூடு ஆகாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீரைத் தடுக்கும் ரப்பருக்கு வாசனையில்லாத பவுடர். நான் ஒருமுறை வாசனைப் பவுடரைத் தட்டினேன். "ஏன்டா இன்ஜினியரே, ரப்பருக்குக் கல்யாணமா? அதுல எண்ணெய் இருக்குடா. இன்னைக்கு மணக்கும், நாளைக்குக் கிழியும்!" என்று கேப்டன் கத்தினார்.

அப்படிப்பட்டவரின் உடை எங்கே காய்ந்தது? பாய்லர் அறையில்! ஏன்? உடை உலர்த்தும் அறையை அக்டோபரில் நம் பேண்டு வாத்தியக் குழுவுக்குக் கொடுத்தோம். கை தூக்கினோம், எல்லோரும். "வாசிக்கிறவங்களுக்கும் இடம் வேணும்ல" என்று கேப்டனும் தூக்கினார். டிசம்பரில் திரும்பக் கேட்டார். "கிறிஸ்துமஸ் போகட்டும் அண்ணே" என்றோம். போனது. மூன்றரை மாதச் சூட்டில் ரப்பர் நைந்து வெடிப்பு விட்டது. அந்த வியாழக்கிழமை காலையில் ஒருமுறை இறங்கி ஏறினார், உடை ஈரம். மாலையில் மறுபடி இறங்க வேண்டும் என்று பாய்லர் குழாய்மேல் போட்டு அவசரமாகக் காய வைத்தார். அவரே போட்டார். வேறு எங்கே போடுவார்?

இரண்டு நாள் முன்பே இறந்துபோன மீன்பிடிக்காரரின் உடலைத் தேடி இறங்கினார். கயிற்றை இழுத்து ஏற்றினோம். உடைக்குள் ஏரி இருந்தது.

நேற்று சவப்பெட்டிக்கு முன்னால் பேண்டு அருமையாக வாசித்தது. வாத்தியங்கள் காய்ந்த, நல்ல அறையில் இருக்கின்றன. நம் குழுவின் மற்ற நான்கு உடைகள் இப்போதும் பாய்லர்மேல் தொங்குகின்றன!

அழுதது போதும். அவர் வேலையைத் தொடர்வேன் என்று வெறும் வாயால் சொல்ல மாட்டேன். இனி நான் செய்யப்போவது:

1. கூட்டம் முடிந்ததும் வாத்தியங்களை வெளியே எடுத்து வைப்பேன். யார் தடுத்தாலும்.
2. நான்கு உடைகளின் கழுத்து, மணிக்கட்டு ரப்பரையும் வெட்டி எறிவேன்.
3. புது ரப்பர் வரும்வரை நானும் இறங்க மாட்டேன், யாரையும் இறங்க விடவும் மாட்டேன்.
4. அதற்குள் ஏரியில் யாராவது விழுந்தால் பக்கத்து ஊர்க் குழுவைக் கூப்பிடுவேன். அவர்கள் வர நாற்பது நிமிடம் ஆகும். விழுந்தவர் செத்தால், அவர் வீட்டுக்கு நானே போய்க் கதவைத் தட்டுவேன்.